தொரப்பாடி சிறைக்குப் போகாமல் ஓர் அடிதடி வழக்கை முடிக்க முடியுமா? மறுசீரமைப்பு நீதி, வேலூர் நிலவரத்தில்

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். வரப்புத் தகராறில் அவருடைய அக்கா மகன், 20 வயது, பக்கத்து நிலத்துக்காரரைக் கட்டையால் அடித்துவிட்டான். அவருக்கு மணிக்கட்டில் எலும்பு முறிவு. பையன் ரிமாண்டில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்திருக்கிறான். அடிபட்டவர் வீட்டிலும் "கேஸ் நடத்தி என்ன ஆகப்போகிறது, பேசி முடிப்போம்" என்கிறார்கள். கேள்விகள் மூன்று: வெளிநாடுகளில் சொல்லும் மறுசீரமைப்பு நீதி (அடித்தவர் செய்ததை ஒப்புக்கொண்டு, அடிபட்டவரோடு நடுவர் முன் பேசி, இழப்பைச் சரிசெய்வது) இங்கே சட்டப்படி நடக்குமா? அதற்கும் கட்டப்பஞ்சாயத்துக்கும் என்ன வித்தியாசம்? சிறையைவிட அது செலவு குறைவு என்பது உண்மையா?

நடக்கும். ஆனால் வழியைத் தீர்மானிக்கப் போவது இரண்டு குடும்பத்தின் நல்ல மனம் மட்டும் அல்ல, குற்றப்பத்திரிகையில் எந்தப் பிரிவு ஏறியிருக்கிறது என்பதும்தான். அதனால் முதலில் பிரிவைப் பார்த்துவிடுவோம்.

எலும்பு முறிந்தால் அது கொடுங்காயம். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. முறிவே இல்லாவிட்டாலும் 15 நாள் கடும் வலி இருந்தாலோ, வழக்கமான வேலையைச் செய்ய முடியாமல் போனாலோ கொடுங்காயம்தான் (பழைய தண்டனைச் சட்டத்தில் இது 20 நாள்). அடுத்த கேள்வி, எதனால் அடித்தது. சாதாரண அடி என்றால் 117(2), ஏழாண்டு வரை தண்டனை. வெட்டும் குத்தும் கருவியாலோ, உயிரைப் பறிக்கக்கூடிய ஆயுதத்தாலோ என்றால் 118(2). அதில் குறைந்தது ஓராண்டு, கூடினால் பத்தாண்டு, ஆயுள் தண்டனைக்கும் இடம் உண்டு. கட்டை இந்த இரண்டில் எதில் சேரும் என்பது அதன் கனம், நீளம், உடம்பில் எங்கே விழுந்தது என்பதையெல்லாம் பொறுத்தது. ஆகவே வக்கீல் முதலில் படிக்க வேண்டியவை இரண்டு காகிதங்கள்: ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று காயங்களைக் குறித்து எழுதிய ஏ.ஆர். காப்பி, கட்டையைக் கைப்பற்றியபோது போலீஸ் எழுதிய மகஜர். பிரிவு பொருந்தவில்லை என்று நீதிமன்றத்தில் வாதாடுவது உரிமை. பிரிவைக் குறைக்க ஸ்டேஷனில் ஆள் பிடிப்பது வேறு விவகாரம், அதை நான் சொல்லவில்லை.

117(2) என்றால் மூன்று கதவுகள் திறந்திருக்கின்றன. ஒன்று, புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 359-ஆவது பிரிவின்படி, நீதிமன்ற அனுமதியோடு அடிபட்டவர் ராஜியாவது. ராஜி பதிவானால் அது விடுதலைக்குச் சமம். இரண்டு, அதே சட்டத்தின் 289 முதல் 300 வரையுள்ள பிரிவுகள் சொல்லும் பிளீ பார்கெயினிங், அதாவது குற்றத்தை ஒப்புக்கொண்டு, குறைந்த தண்டனைக்குப் பேசி முடிப்பது. மூன்று, 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம், அதாவது குற்றம் நிரூபணமானாலும் சிறைக்கு அனுப்பாமல் பாண்டு எழுதி வாங்கி விடுவது. 118(2) என்றால் இந்த மூன்றும் மூடிவிடும். ராஜிப் பட்டியலில் அது இல்லை. ஏழாண்டுக்கு மேல் தண்டனை என்பதால் பிளீ பார்கெயினிங் இல்லை. ஆயுள் தண்டனைக்கு இடமுள்ளதால் நன்னடத்தைச் சட்டமும் இல்லை. பிறகு சென்னை உயர் நீதிமன்றத்தில் சுரக்ஷா சன்ஹிதா 528-ஆவது பிரிவின் கீழ், வழக்கையே ரத்து செய்யக் கேட்கும் குவாஷ் மனுதான். கியான் சிங் வழக்கில் 2012-இலும் நரிந்தர் சிங் வழக்கில் 2014-இலும் உச்ச நீதிமன்றம் அதற்கான வரையறைகளைச் சொன்னது: தனிமனிதர்களுக்கு இடையிலான தகராறா, காயம் எவ்வளவு கடுமை, வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்றெல்லாம் பார்க்க வேண்டும். கேட்டால் கிடைத்துவிடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இன்னொரு சிக்கல் நம் ஊருக்கே உரியது. அடிதடி எஃப்.ஐ.ஆர். எதை எடுத்தாலும் ஆபாசமாகத் திட்டியதாக 296(பி) ஒட்டிக்கொண்டிருக்கும். முன்பு 294(பி) என்று இருந்தது. கட்டை, கல் என்றால் 118(1) சேரும், அருகில் பெண் யாராவது நின்றிருந்தால் பெண் வன்கொடுமைத் தடைச் சட்டத்தின் நான்காவது பிரிவும் சேரும். இவை எதுவும் ராஜிப் பட்டியலில் இல்லை. முக்கியமான குற்றத்துக்கு ராஜி கிடைத்தும், ஒரு கெட்ட வார்த்தைக்காக வழக்கு நின்றுகொண்டிருக்கும்! அப்போது ஊரில் என்ன செய்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். பணம் கைமாறும், சாட்சிகள் கூண்டில் ஏறி "எனக்கு எதுவும் தெரியாது" என்பார்கள், பிறழ் சாட்சி என்று எழுதி வழக்கு முடியும். அடித்தவன் தான் செய்ததை ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை, அடிபட்டவர் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்ல வேண்டியதாயிற்று. மறுசீரமைப்பு நீதி என்ற பெயருக்கும் இதற்கும் தொடர்பில்லை.

இந்தப் பையன் விஷயத்தில், 117(2)-ஓடு இப்படி ஒட்டிய பிரிவுகளும் இருந்தால், என் கருத்தில் பிளீ பார்கெயினிங்கோடு நன்னடத்தைச் சட்டத்தையும் சேர்த்துக் கேட்பதுதான் பொருத்தம். நம் சட்டத்தில் மறுசீரமைப்பு நீதிக்கு மிக அருகில் வருவது அதுதான். பலருக்கு அது தெரியாது, தெரிந்த வக்கீல்களும் அதிகம் பயன்படுத்துவதில்லை. நீதிமன்றம் குற்றச்சாட்டு வனைந்த (முறைப்படி பதிவு செய்த) 30 நாளுக்குள் பையன் மனு கொடுக்க வேண்டும். அரசு வழக்கறிஞர், விசாரணை அதிகாரி, பையன், அடிபட்டவர் நால்வரும் உட்கார்ந்து, இரு தரப்புக்கும் ஒப்பான தீர்வை எழுதலாம். அதில் இழப்பீடும் வரலாம். பிறகு 293-ஆவது பிரிவின்படி நன்னடத்தைச் சட்டம் பொருந்துமா என்று நீதிபதி பார்த்து, பொருந்தினால் சிறையில்லாமல் விடலாம். பேச்சில் பையன் சொன்னதை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்று 299-ஆவது பிரிவு காப்புக் கொடுக்கிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான குற்றங்களுக்கு இந்த வழியே கிடையாது. அதனால் மேலே சொன்ன பெண் வன்கொடுமைப் பிரிவு சேர்ந்திருந்தால் முதலில் அதைத் தனியாகச் சமாளிக்க வேண்டும்.

வயதையும் கவனியுங்கள். நன்னடத்தைச் சட்டத்தின் ஆறாவது பிரிவு, 21 வயது நிரம்பாதவரைச் சிறைக்கு அனுப்புவதென்றால் நீதிபதி காரணம் எழுதியாக வேண்டும் என்கிறது. சம்பவம் நடந்த நாள் வயது இதற்குக் கணக்கல்ல, விசாரணை நீதிமன்றம் தண்டனை முடிவு செய்யும் நாளில் உள்ள வயதுதான் கணக்கு என்று 1963-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாய்தா வாங்கி இழுத்தடிப்பதுதான் சாமர்த்தியம் என்று நினைக்கும் குடும்பங்கள் இந்தக் கவசத்தைத் தாங்களே கழற்றிப் போடுகின்றன. 21 தாண்டினாலும் நான்காவது பிரிவு இருக்கிறது, ஆனால் அது முழுக்க நீதிபதியின் மனம்.

சட்டம் போதும், இரு தரப்பும் நேரில் உட்காரும் கூட்டத்துக்கு வருவோம். 1974-இல் கனடாவின் எல்மைரா என்ற சிற்றூரில் இரண்டு இளைஞர்கள் ஒரே இரவில் 22 இடங்களில் கார், ஜன்னல் என்று நாசம் செய்தார்கள். நன்னடத்தை அலுவலர் மார்க் யான்சி, அவர்களை ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டச் செய்தால் என்ன என்று கேட்க, நீதிபதி சம்மதித்தார். சில மாதத்தில் நஷ்டத்தைக் கட்டி முடித்தார்கள். பேச்சு தொடங்கியது அங்கேதான். நியூசிலாந்து 1989-இல் இளம் குற்றவாளிகளுக்குக் குடும்பக் கூட்டத்தைச் சட்டமாகவே ஆக்கியது. இன்று உலகம் முழுக்க நடக்கும் கூட்டங்களின் எலும்புக்கூடு ஒன்றுதான், ஆனால் அதை உட்கார்ந்து பேசுவது என்று மட்டும் புரிந்துகொள்வது தவறு. உழைப்பில் பெரும்பகுதி கூட்டத்துக்கு முன்னால்.

முதலில் அடித்தவரைத் தனியாகப் பார்க்க வேண்டும். நடந்ததை ஒப்புக்கொள்கிறாரா என்பது ஒன்றே கேள்வி. "நான் அடித்தேன், ஆனால் அவர்தான் முதலில் திட்டினார்" என்றால் வேலை தொடங்கலாம். "நான் அங்கேயே இல்லை" என்றால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும், வழக்கு தன் வழியில் போகட்டும். அவரை முதலில் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. அடிபட்டவரை முதலில் தயார்படுத்தி, பிறகு எதிர்த்தரப்பு முகம் காட்ட மறுத்தால் அது அவருக்கு இரண்டாவது அடி. அடுத்து அடிபட்டவரோடு, அவர் வீட்டில், குறைந்தது ஒரு மணி நேரம். அவருக்கு என்ன வேண்டும் என்பதை நாமாக ஊகிக்கக் கூடாது. பணம்தான் கேட்பார் என்று போனால், "என் மகன் கண் முன்னால் அடித்தான், அதை என் மகன் கண் முன்னாலேயே ஒத்துக்கொள்ளட்டும்" என்பார். சிலருக்கு நேரில் பார்க்கவே பிடிக்காது. அப்போது கடிதம் வழியாகவோ நடுவர் வாய்வழியாகவோ செய்யலாம், அதுவும் செல்லும். வேண்டாம் என்று சொல்லும் உரிமை கூட்டத்தின் நடுவிலும் இருக்கிறது என்பதை இருவருக்கும் சொல்லியாக வேண்டும்.

யார் நடத்துவது என்பதில்தான் நம் ஊரில் பாதி முயற்சிகள் கவிழ்கின்றன. இன்ஸ்பெக்டர் நடத்தினால் அடித்தவன் பயத்தில் தலையாட்டுவான். கவுன்சிலர் நடத்தினால் அடுத்த தேர்தல் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் சமரச மையமும் இருக்கின்றன. ராஜியாகக்கூடிய குற்றங்களை நீதிமன்றம் சமரசத்துக்கு அனுப்ப 2023-ஆம் ஆண்டின் மத்தியஸ்தச் சட்டமும் இடம் விடுகிறது. ஒரு எச்சரிக்கை மட்டும். அங்குள்ள நடுவர்கள் பெரும்பாலும் பாகப்பிரிவினை, விவாகரத்து, செக் வழக்குகளில் பழகியவர்கள். அங்கே இருபுறமும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கச் சொல்வது சரி. எலும்பு முறிந்தவரிடம் போய் "நீங்களும் கொஞ்சம் இறங்கி வாங்க" என்றால் என்ன அர்த்தம்? பணத்தில் நடுநிலை வேண்டும், யார் யாரை அடித்தார்கள் என்பதில் நடுநிலை என்ற ஒன்று கிடையாது. நல்ல நடுவர் இதைத் தெரிந்தவர்.

கூட்டம் என்றால் மேசை இல்லாமல் வட்டமாக நாற்காலிகள். ஒவ்வொரு பக்கமும் மூன்று நான்கு பேர் போதும். குடித்துவிட்டு வந்தவருக்கு இடமில்லை. அடித்தவர் முதலில் பேச வேண்டும்: என்ன நடந்தது, அப்போது மனதில் என்ன இருந்தது, யார் யாருக்கு என்ன பாதிப்பு என்று இப்போது தெரிகிறது. பிறகு அடிபட்டவர். பிறகு அவர் மனைவி, பிள்ளைகள். கடைசியில் அடித்தவரின் அம்மா அல்லது மாமன். இந்த வரிசையை மாற்றாதீர்கள். அடித்தவரின் அம்மா முதலில் அழத் தொடங்கினால் கூட்டம் முழுவதும் அவரைத் தேற்றப் போய்விடும், அடிபட்டவர் வில்லனாகிவிடுவார். காலில் விழ வைப்பதும் வேண்டாம். நம் ஊரில் பெரியவர்கள் உடனே அதைத்தான் சொல்வார்கள், ஆனால் விழுந்தவன் எழும்போது மனதில் வருத்தம் இருக்காது, வஞ்சம் இருக்கும். ஒன்றரை மணி நேரத்தில் பேச்சு முடிந்துவிடும். பிறகுதான் தீர்வு.

தீர்வுப் பத்திரம் எழுதுவதில் தவறு நடக்காத கூட்டம் குறைவு. "தகுந்த இழப்பீடு தருவதாக ஒப்புக்கொள்கிறார்" என்று எழுதினால் அது குப்பைக் காகிதம். கணக்கு வேண்டும். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையில் மாவுக்கட்டுப் போட்டிருந்தால் மருத்துவச் செலவு பெரிதாக இருக்காது. பெரிது கூலி இழப்புதான். எடுத்துக்காட்டாக, நாள் கூலி 600 ரூபாய், 45 நாள் கை வேலைக்கு உதவவில்லை என்றால் 27,000. மருந்து, எக்ஸ்ரே, துணைக்கு வந்தவரின் பஸ் செலவு, சாப்பாடு சேர்த்து 9,000. அவர் நிலத்தில் அந்தப் பட்டத்துக்கு ஆள் வைத்து வேலை செய்த கூலி 12,000. மொத்தம் 48,000. கொடுக்க வேண்டிய பையன் மாதம் 15,000 சம்பாதிக்கிறான் என்றால் மாதம் 6,000 வீதம் எட்டு மாதம். தேதி, வங்கிக் கணக்கு, தவறினால் என்ன என்பது எல்லாம் பத்திரத்தில் வர வேண்டும். ரொக்கமாகக் கொடுக்கவே கூடாது. ரொக்கத்தில் கொடுத்ததற்குச் சாட்சி யார் என்று பிறகு இன்னொரு தகராறு வரும்.

தவணை நடக்கும்போதே ராஜியைப் பதிவு செய்துவிடுவதுதான் மிகப் பெரிய தவறு. ராஜி பதிவான நிமிடமே பையன் விடுதலை. மூன்றாம் தவணையிலிருந்து பணம் வரவில்லை என்றால் அடிபட்டவர் கையில் எதுவும் இல்லை, சிவில் வழக்குத்தான் போட வேண்டும். எனவே, ராஜி என்றால் முழுத் தொகையும் முதலில் கணக்கில் ஏறட்டும், அதுவரை நீதிமன்றத்தில் அவகாசம் கேளுங்கள். அவ்வளவு பணம் ஒரேயடியாக இல்லை என்றால் நன்னடத்தைச் சட்ட வழிதான் நல்லது. அதன் ஐந்தாவது பிரிவில் நீதிமன்றமே இழப்பீட்டுக்கு உத்தரவு போடலாம், அதை அபராதம் போல வசூலிக்கலாம். நான்காவது பிரிவு பாண்டு மூன்றாண்டு வரை நீளலாம். நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பு என்று உத்தரவு போட்டால் குறைந்தது ஓராண்டு. பாண்டை மீறினால் ஒன்பதாவது பிரிவில் திரும்ப அழைத்து முதல் குற்றத்துக்கே தண்டனை கொடுக்கலாம். அடிபட்டவருக்கு இது ராஜியைவிடப் பாதுகாப்பானது. தண்டனைத் தீர்ப்பு பதிவாகும் என்பது பையனுக்குக் குறைதான், ஆனால் அதனால் வரும் தகுதியிழப்பு அவனை ஒட்டாது என்று 12-ஆவது பிரிவு சொல்கிறது. ஒன்று மட்டும்: போலீஸ், ராணுவம் போன்ற சீருடைப் பணிக்கு விண்ணப்பிக்கும்போது வழக்கு இருந்ததை மறைக்கக் கூடாது. வழக்கைவிட மறைத்ததுதான் வேலைக்கு வேட்டு வைக்கும்.

தகராறின் வேர் அப்படியே இருந்தால் இதெல்லாம் அடுத்த ஆடி வரைக்கும்தான். வரப்பு யாருடையது? கூட்டத்தில் யாரும் அதைத் தீர்க்க முடியாது, தீர்க்க முயலவும் கூடாது. வட்டாட்சியர் அலுவலகத்தில் கட்டணம் கட்டி, சர்வேயரை அழைத்து, எஃப்.எம்.பி. என்னும் நில அளவை வரைபடப்படி அளந்து கல் நடுவது, அந்தக் கட்டணத்தை இரு தரப்பும் பாதிப் பாதி ஏற்பது, அளந்த முடிவில் உடன்பாடில்லாதவர் சிவில் நீதிமன்றம் போவது, அதுவரை வரப்பை யாரும் வெட்டாமல் இருப்பது. இந்த நான்கு வரி பத்திரத்தில் இருக்கட்டும். பொதுக் கிணறு, மோட்டார் முறை, மாட்டுப் பாதை எதுவாக இருந்தாலும் இதே போல. அப்புறம், எதிர்த்தரப்பும் உங்கள் மேல் புகார் கொடுத்து அதுவும் எஃப்.ஐ.ஆர். ஆகியிருந்தால் இரண்டு வழக்கையும் சேர்த்தே முடியுங்கள். கேஸ், கவுண்டர் இரண்டில் ஒன்றை மட்டும் முடித்தால் மிச்சமிருப்பது கத்தியாகத் தொங்கும்.

கட்டப்பஞ்சாயத்து பற்றி. ஆறுமுக சேர்வை வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்று திட்டவட்டமாகச் சொன்னது. ஆனாலும் இரண்டும் வெளியிலிருந்து ஒன்று போலத் தெரிவதால் உங்கள் கேள்வி நியாயமானது. ஊர்ப் பஞ்சாயத்தில் நாட்டாண்மையும் பெரியதனக்காரரும் தீர்ப்புச் சொல்கிறார்கள், மற்றவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள். இங்கே நடுவருக்குத் தீர்ப்புச் சொல்லும் வேலையே இல்லை. அங்கே தண்டம் கோயில் கணக்குக்கோ ஊர்ப் பொதுவுக்கோ போகும், அடிபட்டவருக்குக் கிடைப்பது மிச்சம் மீதி. இங்கே பணம் முழுதும் அவருக்கு. அங்கே வராவிட்டால் ஊர் விலக்கு, இங்கே வராவிட்டால் வழக்கு நடக்கும், அவ்வளவுதான். அங்கே பெண்கள் ஓரத்தில் நிற்பார்கள். அங்கே எழுத்து இல்லை, வக்கீல் இல்லை, மேலே பார்க்க யாரும் இல்லை. இங்கே கடைசிச் சொல் நீதிபதியுடையது, "யாராவது மிரட்டினார்களா?" என்று அடிபட்டவரிடம் நேரில் கேட்ட பிறகே அவர் கையெழுத்துப் போடுவார். இந்தக் கேள்விக்கு முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல அடிபட்டவர் தயங்கினால் அந்த ராஜியை நீதிபதி ஏற்கக் கூடாது.

சில வழக்குகளில் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. பாலியல் வன்முறையில் சமரசத்துக்கு இடமே இல்லை என்று 2015-இல் மதன்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் கடுமையாகச் சொல்லியிருக்கிறது. போக்சோவும் அப்படியே. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் வன்கொடுமை வழக்குகளில் நான் பிடிவாதமாக இருப்பேன். ஊரில் நிலம், தண்ணீர், வேலை எல்லாம் எதிர்த்தரப்பின் கையில் இருக்கும்போது காலனியிலிருந்து வரும் "சம்மதம்" சம்மதமே அல்ல. அந்தச் சட்டத்தின் 15ஏ பிரிவு பாதிக்கப்பட்டவருக்குப் பாதுகாப்பும் விசாரணையில் கருத்துச் சொல்லும் உரிமையும் தருகிறது, அதைப் பயன்படுத்துவதே வழி. தினமும் அடிக்கும் கணவன், கந்துவட்டிக்காரன், கூலிக்கு அடிக்கும் ஆள் இவர்களும் இதில் சேரமாட்டார்கள். பாலாற்று மணல் வழக்கில் எதிரே உட்காரவைக்கப் பாதிக்கப்பட்டவர் என்று ஒருவர் இல்லை.

18 நிரம்பாதவர் என்றால் கதை வேறு, எளிதும்கூட. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமே இந்த எண்ணத்தில் எழுதப்பட்டது. கொடிய குற்றமாகவோ பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகவோ இல்லாவிட்டால் எஃப்.ஐ.ஆர். கூடாது, பொது நாட்குறிப்பில் எழுதிச் சமூகப் பின்னணி அறிக்கையோடு இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. அறிவுரை, குழு ஆலோசனை, சமூக சேவை, நன்னடத்தைக் கண்காணிப்பு என்று 18-ஆவது பிரிவு வரிசைப்படுத்துகிறது. பைக் திருடிய பையனின் படத்தை வாட்ஸ்அப் குரூப்பில் போடுபவர்கள்தான் 74-ஆவது பிரிவில் குற்றவாளி ஆகிறார்கள், இதை ஊரில் சொல்லி வையுங்கள்.

பெரியவர்களின் சின்னத் திருட்டுக்கும் 2024 ஜூலை 1 முதல் ஒரு வழி வந்திருக்கிறது. திருடிய பொருள் 5,000 ரூபாய்க்குள், முதல் தடவை, பொருளையோ பணத்தையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் தண்டனை சமூக சேவை. குடித்துவிட்டுப் பொது இடத்தில் கலாட்டா செய்வதற்கும் அது உண்டு. எத்தனை மணி நேரம், என்ன வேலை என்று சன்ஹிதா சொல்லவில்லை, நீதிபதிதான் முடிவு செய்கிறார். எனவே வக்கீல் சும்மா நிற்காமல் இடம், மணி நேரம், கையெழுத்து வாங்கும் அதிகாரி மூன்றையும் எழுதிக் கொடுத்தால் உத்தரவு நடைமுறைக்கு வரும். "பூங்காவைச் சுத்தம் செய்ய வேண்டும்" என்று மொட்டையாகப் போட்ட உத்தரவில் முதல் நாள் போட்டோ எடுப்பதோடு வேலை முடிந்துவிடும்.

இனி செலவு. இந்த முறையை ஆதரிப்பவர்கள் சிறைத் துறையின் மொத்தச் செலவைக் கைதிகள் எண்ணிக்கையால் வகுத்து, ஒருவரை வெளியே வைத்தால் இவ்வளவு மிச்சம் என்று கணக்குச் சொல்வார்கள். அது சரியல்ல. தொரப்பாடி மத்திய சிறை 1830-இல் கட்டியது. சுவர், கோபுரம், காவலர் சம்பளம், மருத்துவமனை எல்லாம் பத்துப் பேர் குறைந்தாலும் அப்படியேதான் இருக்கும். குறைவது சாப்பாடும் துணியும் மருந்தும். ஒரு பிளாக்கையே மூடும் அளவு ஆள் குறைந்தால்தான் பெரிய தொகை மிஞ்சும். அப்படிக் குறைவதற்கு இடம் இருக்கிறதா என்றால், இருக்கிறது, ஆனால் தண்டனைக் கைதிகளிடம் அல்ல. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி நாட்டின் சிறைகளில் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர், அதாவது நூற்றுக்கு 75.8 பேர், விசாரணைக் கைதிகள். ஆகவே தீர்ப்புக்குப் பிறகு நடக்கும் கூட்டம் செலவைப் பெரிதாகக் குறைக்காது. ரிமாண்டுக்கு முன்னால், அல்லது குற்றப்பத்திரிகை வந்த சில வாரத்தில் நடக்கும் கூட்டம் குறைக்கும்.

அதோடு அரசுக் கணக்கில் வராத செலவு. கைதியை வாய்தாவுக்கு அழைத்துவர ஆயுதப்படை போலீஸ், சாட்சி சொல்ல ஒருநாள் வேலையை விட்டு வரும் டாக்டர், நான்கைந்து சாட்சிகளின் கூலி, நான்காண்டு இழுத்தால் இரு தரப்பு வக்கீல் பீஸ். ஒரு அடிதடி வழக்கில் இரண்டு குடும்பம் சேர்ந்து செலவழிப்பது பெரும்பாலும் அந்த 48,000 இழப்பீட்டைவிட அதிகம், அதில் ஒரு ரூபாய்கூட முறிந்த கைக்குப் போவதில்லை.

மறுபடி குற்றம் செய்வது குறைகிறதா என்றால், குறைகிறது, ஆனால் அற்புதம் எதுவும் இல்லை. இங்கிலாந்து அரசுக்காக ஜொவானா ஷாப்லண்ட் குழு செய்து 2008-இல் வெளியான மதிப்பீட்டில், மறுபடி தண்டனை பெறும் எண்ணிக்கை 14 சதவீதம் குறைந்தது, நேரில் சந்தித்த பாதிக்கப்பட்டவர்களில் 85 சதவீதம் பேர் திருப்தி என்றார்கள். ஆய்வாளர்கள் ஷெர்மனும் ஸ்ட்ராங்கும் 2007-இல் பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில் இன்னொன்று தெரிந்தது: எதிரே ஒரு மனிதர் பாதிக்கப்பட்டு உட்கார்ந்திருக்கும் வன்முறைக் குற்றங்களில்தான் இது நன்றாக வேலை செய்கிறது. சின்னத் திருட்டுக்கு மட்டும்தான் லாயக்கு என்று நம் அதிகாரிகள் நினைப்பதற்கு நேர் எதிர்.

வேலூருக்கு இதில் ஒரு வசதி உண்டு. தென்மாநிலங்களின் சிறை அதிகாரிகளுக்கும் நன்னடத்தை அலுவலர்களுக்கும் பயிற்சி தரும் சிறை மற்றும் சீர்திருத்த நிர்வாகக் கல்விக்கூடம், ஆப்கா, 1979 முதல் இதே தொரப்பாடியில்தான் இருக்கிறது. கூட்டம் நடத்தும் பயிற்சியைப் புதிதாக ஓர் இடம் தேடிக் கொடுக்க வேண்டியதில்லை.

உங்கள் பையனுக்கு இப்போது செய்ய வேண்டியது: எஃப்.ஐ.ஆர். நகல், ஏ.ஆர். காப்பி, குற்றப்பத்திரிகை வந்திருந்தால் அது, பையனின் பிறந்த தேதிச் சான்று, சம்பளத்துக்கு ஆதாரம் இவற்றை எடுத்துக்கொண்டு வக்கீலைப் பாருங்கள். அடிபட்டவர் தரப்பில் டிஸ்சார்ஜ் சீட்டு, பில்கள், கூலிக்கு ஆதாரமாக மேஸ்திரியின் கடிதமோ நூறு நாள் வேலை அட்டையோ போதும். வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால் இலவசச் சட்ட உதவி எண் 15100-க்குப் போன் செய்யலாம். பெண்களுக்கும், பட்டியல் இனத்தவருக்கும், காவலில் இருப்பவருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு, மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. அடிபட்டவருக்கு உங்கள் வக்கீலையே பேச வைக்காதீர்கள், அவருக்குத் தனி வக்கீல் இருக்கட்டும். வக்கீல் சொல்லும் வரை நீங்களோ பையனோ அவர் வீட்டுப் பக்கம் போக வேண்டாம். ஜாமீன் நிபந்தனையில் சாட்சிகளை அணுகக் கூடாது என்று இருந்தால், பழம் வாங்கிக்கொண்டு நலம் விசாரிக்கப் போனதே ஜாமீன் ரத்துக்குக் காரணமாகிவிடும். முதல் பேச்சு சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாகவோ இரண்டு வக்கீல்கள் வழியாகவோதான் போக வேண்டும்.